பதினொரு டெராபைட்

காலை ஆறு இருபதுக்குக் கேதீஸ்வரி கீழே பேக்கரியில் பாண் வாங்க இறங்கிக்கொண்டிருந்தாள். நாலாவது படியில் கால் வைத்தபோது மேலே அறைக்குள் ஏதோ கத்தியது. மழைக்கு ஒதுங்கிய பறவையாக்கும் என்று முதலில் நினைத்தாள். ஒரே சுருதியில், மூச்சு வாங்காமல், விட்டுவிட்டுக் கத்துகிற பறவை எதுவும் செங்கலடியில் இல்லை என்பது அடுத்த நொடியே உறைத்தது. திரும்பி ஓடினாள்.

மேசைக்கு அடியில் இருந்த பெட்டியில் நான்கு சின்ன விளக்குகள். மூன்று பச்சை. மேலிருந்து இரண்டாவது சிவப்பு.

அது அவர்களுடைய றெயிட் பெட்டி. செங்கலடிச் சந்தியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில்தான் அவர்களுடைய வீடும் ஸ்டூடியோவும். பதினான்கு வருடமாக அவள் கணவன் சதீசன் கலியாணங்களைப் படம் பிடிப்பான், அவள் வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். போன வருடம் தொடக்கம் அவர்கள் தங்களுக்கென்று ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மட்டக்களப்பு வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை மண் மூடிவிடும். மாரிக்கு வாவி நிரம்பி வயல்களுக்குள் ஏறும். அப்போது மண்ணை வெட்டி வழி விடுவார்கள். வெட்டு வெட்டு என்று விவசாயிகள் கேட்பார்கள், இப்போது வெட்டினால் வளர்கிற இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று மீனவர்கள் மறிப்பார்கள். மண்டூரில் ஐந்து ஏக்கர் வயல் செய்கிற சீதேவிப்பிள்ளை ஒரு பக்கம், வாவியில் வலை போடுகிற கோணாமலை மறுபக்கம். இரண்டு பேரையும் ஒரு வருடம் பின்தொடர்ந்து எடுத்த படம்.

புதுக் கமராவில் சதீசன் எடுத்துவந்த காட்சிகளைச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் கணினி திக்கித் திக்கிப் பேசும். அதற்காகத்தான் இந்தப் பெட்டி. ஒரு காட்சியைத் துண்டு துண்டாக்கி நான்கு டிஸ்க்கிலும் பகிர்ந்து எழுதிவைக்கும். கேட்கும்போது நான்கும் ஒரேநேரத்தில் எடுத்துக் கொடுக்கும். தண்ணீர் மாதிரி ஓடும் படம். வாங்கிய அன்று கணவனும் மனைவியும் அதற்குப் பக்கத்தில் இருந்து ஒரு வலைவீச்சை ஏழு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிறகு சண்டை பிடித்தார்கள்.

"நாலு டிஸ்க்கையும் வேகத்துக்கே விடுவம் கேதி. இருவத்திநாலு டெரா கிடைக்கும்."

"ஒண்டு செத்தா எல்லாம் போயிரும். ஒரு டிஸ்க்கிட இடத்த விட்டுக்குடுங்க. ஒண்டு செத்தாலும் மிச்சம் மூண்ட வெச்சு அதில இருந்தத பெட்டி கண்டுபிடிச்சுரும்."

"ஆறு டெராவ வெறுமனே விடுறதா?"

"நீங்க பதினெட்டையே நிரப்பமாட்டீங்க."

கடைசிச் சொல் பொய் என்று இருவருக்கும் தெரியும். சதீசன் கமராவை எடுத்தால் நிறுத்த மாட்டான். ஆனாலும் அவன் விட்டுக்கொடுத்தான். இப்போது சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தவளுக்கு, நல்லவேளை அன்றைக்குச் சண்டை பிடித்தோம் என்ற ஆறுதல் ஒரு நொடி வந்தது. அது நிற்கவில்லை. வேறொரு விஷயம் நெஞ்சுக்குள் எழும்பி வந்தது.

அவள் ஏறாவூரில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் றிப்ஷானுக்குப் போன் எடுத்தாள். முப்பது வயது, இந்தப் பெட்டியைக் கொழும்பிலிருந்து எடுத்துக்கொடுத்தவன் அவன்தான்.

"அக்கா, அத ஓஃப் பண்ணிராதிங்க," என்றுதான் முதலில் சொன்னான். பிறகு, திரையில் எதை அமர்த்த வேண்டும், எந்த எண்ணை வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அவள் வாசித்தாள். அவன் அதே எண்களைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னான்.

"என்ன றிப்ஷான்?"

"ரெண்டாவது செத்துட்டு. நாலாவதும் நல்லால்லக்கா. வாசிக்க ஏலாத இடம் கூடிட்டே போகுது. எல்லாம் ஒரே நாள் வாங்கின டிஸ்க்தானே, ஒரே வயசு. அதுவும் போச்செண்டா பெட்டிக்குள்ள ஒண்டுமில்ல. ஓஃப் பண்ணினா திரும்ப சுத்துமெண்டு சொல்ல ஏலா. பரவால்ல, கொப்பி இருக்குத்தானே? சதீசன் அண்ணன் சொன்னாரு, எல்லாத்துக்கும் இன்னொரு கொப்பி வெச்சிருக்கிற எண்டு."

கேதீஸ்வரி கதிரையில் இருந்தாள்.

"இல்ல," என்றாள்.

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை. இரண்டு மாதத்துக்கு முன் மூன்று நாள் கலியாணம் ஒன்று, நான்கு கமரா, இறக்குவதற்கு இடமில்லை. கொப்பி இருந்த பெரிய டிஸ்க்கை அழித்து அதில் கலியாணத்தைப் போட்டாள். ஒரு கிழமையில் திரும்ப எடுத்துவைக்கலாம் என்று நினைத்தாள். ஒரு கிழமை இரண்டாகி, அடுத்த கலியாணம் வந்து, அதற்கடுத்ததும் வந்தது. இடையில் ஒருநாள் சதீசன் சாப்பிட்டுக்கொண்டே, "கொப்பி எல்லாம் சரிதானே?" என்று கேட்டான். "ஓம்," என்றாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு வேறு கதைக்குப் போய்விட்டான்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவர் விடிய அஞ்சு மணிக்கே முகத்துவாரத்துக்குப் போயிற்றார். இண்டைக்குத்தான் வெட்டுறாங்க. படத்திட கடைசிக் கட்டம்."

"சரிக்கா, அழாதிங்க. நான் வாறன். எவ்வளவு கிடக்கு?"

"பதினொரு டெராபைட்."

"டவுண்ல கடைகள்ள ரெண்டு டெராவுக்கு மேல ஒருத்தனிட்டயும் இல்ல. கொழும்பால வர ரெண்டு நாள்." அவன் தொண்டையைச் செருமினான். "றபீக்கா தாத்தாட்ட கிடக்கு. போன மாசம் நான்தான் எட்டு டெரா ரெண்டு எடுத்துக் குடுத்த."

தாத்தா என்று அவன் சொன்னது அக்காவை, ஏறாவூரில் அப்படித்தான். அந்தப் பெயரைக் கேட்டதும் கேதீஸ்வரி போனைக் காதிலிருந்து எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்ப வைத்தாள்.

"வேற ஆரும் இல்லையா?"

"இல்லக்கா."

றபீக்கா கலியாணங்களில் பெண்கள் பக்கத்தை எடுக்கிறவள். ஏறாவூர், காத்தான்குடி வீடுகளில் பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் ஆண் கமராக்காரன் போகமுடியாது. அங்கே றபீக்கா போவாள். ஐந்து வருடம் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவள் எடுத்துக் கொண்டுவந்து தருவதைக் கேதீஸ்வரி தொகுப்பாள். அந்தக் காட்சிகள் கலியாண வீட்டைத் தவிர எங்கும் போகாது என்பது றபீக்கா மணப்பெண்களுக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கில்தான் அவளுடைய தொழிலே நின்றது.

மூன்று வருடத்துக்கு முன், ஸ்டூடியோவின் பேஸ்புக் பக்கத்தில் கேதீஸ்வரி போட்ட மூன்று நிமிட முன்னோட்டத்துக்குள் நான்கு செக்கன் தப்பி வந்துவிட்டது. மணப்பெண்ணின் அக்கா நிஸ்றா தலைமுடியை அவிழ்த்துவிட்டுச் சிரிக்கிற நான்கு செக்கன். நாற்பது நிமிடத்தில் அதை நீக்கிவிட்டாள். அதற்குள் கட்டாரில் இருந்த நிஸ்றாவின் கணவன் பார்த்துவிட்டான். அந்த வருடம் முழுக்க றபீக்காவை ஒருவரும் கலியாணத்துக்குக் கூப்பிடவில்லை. அவள் மாடியேறி வந்து கேட்டபோது, "நீ மெமரி காட்டில ஒண்டும் குறிச்சுத் தரல்லயே," என்றாள் கேதீஸ்வரி. றபீக்கா ஒன்றும் சொல்லாமல் இறங்கிப்போனாள். பிறகு வரவில்லை.

றிப்ஷான் ஏழேகாலுக்கு ஒரு பெரிய யூபிஎஸ்ஸைப் பொலித்தீனில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். அவனைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கேதீஸ்வரி ஸ்கூட்டியில் ஏறாவூருக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தாள். கதவு திறந்ததும் யோசித்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"என்ட பெட்டி சாகப்போகுது றபீக்கா," என்றாள்.

றபீக்கா நாற்பத்தைந்து வயதுக்காரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்தாள். வாசலில் தண்ணீர் சொட்ட நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"பதினொண்டு."

"எத்தின மணித்தியாலம்?"

"பத்து. அது தாங்கினா."

"உங்கட படமா? வாவிப் படம்?"

"ஓம்."

றபீக்கா உள்ளே போனாள். கதவு திறந்தபடியே இருந்தது, கேதீஸ்வரியால் திரும்பிப் போகவும் முடியவில்லை, உள்ளே நுழையவும் முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் அபாயாவுக்கு மேல் மழைக்கோட்டும், தலையில் ஹெல்மெட்டும், மார்போடு அணைத்த ஒரு தோல்பையுமாக றபீக்கா வெளியே வந்தாள்.

"நீயும் வாறியா?"

"ஒரு டிஸ்க் புதுசு. மத்ததுக்குள்ள ரெண்டு டெராவுக்குப் பொம்புளயளுட கலியாணம் கிடக்கு. அது தனிய எங்கயும் போகாது. ஸ்கூட்டிய எடு."

மூன்று பேரும் திரைக்கு முன்னால் இருந்தபோது மணி எட்டரை தாண்டியிருந்தது. றிப்ஷான் இரண்டு டிஸ்க்கையும் பொருத்திவிட்டுக் கையைத் துடைத்தான்.

"அக்கா, எந்த நிமிசமும் நிக்கலாம். அதால எது முதல்ல எண்டு சொல்லுங்க. இடையில ஒண்டையும் திறந்து பார்க்கப்படாது. பெட்டிக்கு ஒரு வேலைதான் குடுக்கவேணும்."

கேதீஸ்வரி கோப்புறைகளின் பெயர்களைப் பார்த்தாள். கோணாமலை. சீதேவிப்பிள்ளை. கூட்டம். வெள்ளம். இறால். வானம். படகு. சும்மா. பதினான்கு மாதம். ஒவ்வொரு பெயருக்குள்ளும் எந்த நாள், எந்த வெளிச்சம், யாருடைய குரல் எங்கே உடைந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். எந்தக் கையை முதலில் பிடித்து இழுப்பது?

"எல்லாம் வேணும்," என்றாள்.

"அது சரி," என்றாள் றபீக்கா. "திரும்ப எடுக்க ஏலாதது எது? வாவி நாளைக்கும் அங்கதான் கிடக்கும். வானமும் கிடக்கும்."

அது கேதீஸ்வரிக்குப் பிடிமானமாக இருந்தது. முதலில் கூட்டம்: சீதேவிப்பிள்ளையும் கோணாமலையும் முதன்முதலாக ஒரே மண்டபத்தில் முகத்துக்கு முகம் நின்று கதைத்த நாள். இரண்டாவது வெள்ளம்: இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சீதேவிப்பிள்ளை தன் வயல் வட்டையின் எல்லையைக் கையால் காட்டிய காட்சி, வரம்பு ஒன்றும் தெரியாத அந்த வெறும் தண்ணீரில். பிறகு கோணாமலை பேசியவை. பிறகு மற்றவை. வானம், படகு எல்லாம் பின்னுக்கு.

"இந்தச் சும்மா எண்டது என்ன?"

"அது அவர் சும்மா எடுத்தது. முதலாவது கொக்கு. இருவத்திரெண்டு நிமிசம் ஒரு கொக்கு ஒரு கம்பில நிக்கும். ரெண்டாவதும் கொக்கு. அதுக்குமேல நான் பார்க்கல்ல. கடைசில போடு றிப்ஷான்."

எட்டு நாற்பதுக்குக் கொப்பி ஓடத் தொடங்கியது, திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல வளர்ந்தது.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. பெட்டிக்குள் டிஸ்க்குகள் கரகரத்தன. சிலநேரம் வேகம் பாதியாக விழும், மூன்று பேரும் திரைக்குக் குனிவார்கள், திரும்ப ஏறும். பத்து மணிக்குக் காற்றோடு மழை பெய்து கரண்ட் போனது. யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும் என்றான் றிப்ஷான். கேதீஸ்வரி படிகளில் இரண்டிரண்டாக இறங்கிப் பேக்கரிக்குள் ஓடினாள். பேக்கரிக்காரி கண்ணகை அப்போதுதான் தன் ஜெனரேட்டரை இழுத்து இயக்கிக்கொண்டிருந்தாள், மாப் பிசைகிற மெஷினுக்காக.

"அக்கா, எனக்கு ஒரு வயர் வேணும். பொழுதுபடுமட்டும்."

கண்ணகை கேதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். "ஆருக்கு என்ன புள்ள?"

"ஆருக்கும் ஒண்டுமில்ல. படம்."

"படத்துக்கா இந்த ஓட்டம்?" என்றாள். என்றாலும் மாப் பிசையும் மெஷினின் வயரை அவளே கழற்றினாள். "ரெண்டையும் தாங்காது. பரவால்ல, இண்டைக்குக் கையால பிசையிறம்."

வயரை ஜன்னல் வழியாக மேலே இழுத்தார்கள். யூபிஎஸ்ஸின் அலறல் நின்றது. அன்று பகல் முழுக்கக் கீழே கண்ணகையும் அவள் ஆட்களும் மாவை மேசையில் அடிக்கிற சத்தம் மாடித் தரையில் தெரிந்துகொண்டிருந்தது.

மதியம் சதீசன் போன் எடுத்தான். பின்னால் காற்றும் ஆட்களின் கூச்சலும்.

"கேதி! மண் வெட்டுற பெக்கோ இறங்கிட்டுது! ரெண்டு மிசின் ரெண்டு பக்கத்தால வெட்டுது. கோணாமலை அண்ணன் மண்ணில குந்திட்டு ஒண்டும் பேசாம பார்த்துட்டிருக்கார். நான் அவருட முகத்திலேயே நிக்கிறன், கமராவ எடுக்கவே இல்ல. கேக்குதா?"

"கேக்குது."

"அது என்ன சத்தம்?"

"கரண்ட் இல்ல. கண்ணகை அக்காட ஜெனரேட்டர்." அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "இஞ்சேருங்க, நல்லா எடுங்க. நிப்பாட்டாதீங்க. எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்க."

மறுபக்கம் அவன் சிரித்தான். "பதினாலு வருசத்தில நீ இப்பிடிச் சொன்னதில்லயே. சுகமில்லயா உனக்கு?"

போனை வைத்துவிட்டு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். றிப்ஷான் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப்போயிருந்தான். றபீக்கா கண்ணகை அனுப்பிய மீன் பணிஸில் ஒன்றைப் பிய்த்து ஆறவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கலாமே அவருக்கு," என்றாள் றபீக்கா.

"சொன்னா கை நடுங்கும். இந்த நாள் திரும்ப வராது. வரட்டும், சொல்லுறன்."

"சொல்லுவியா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று கேதீஸ்வரிக்குத் தெரிந்தது. திரையில் நீலக்கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீ அந்தக் காட்டுக்கு, வெளிய போடப்படாது எண்டு எழுதி, சிவப்பு டேப் ஒட்டித்தான் தந்திருந்தாய். நான்தான் பார்க்கல்ல. காட்டக் கழட்டேக்குள்ள டேப் விழுந்திருக்கு. ரெண்டு நாள் கழிச்சு மேசை லாச்சிக்குள்ள கண்டன், உன்ட கையெழுத்தோட. எடுத்துட்டு உன்ட வீட்டுக்கு வரத்தான் வெளிக்கிட்டன். ஏறாவூர்ச் சந்தி மட்டும் வந்தன். திரும்பிற்றன்."

றபீக்கா பணிஸை வைத்தாள்.

"எனக்குத் தெரியும். நான்தானே ஒட்டின."

"பின்ன ஏன் அண்டைக்கு ஒண்டும் சொல்லாமப் போனாய்?"

"உனக்கு நான் சாட்சி சொல்லவா வேணும்? என்ட கைய உனக்குத் தெரியும் கேதி. அஞ்சு வருசம் பார்த்த கை. நீ வந்து சொல்லுவாய், இந்த நோன்புக்கு வருவாய் எண்டு பார்த்தன். மூணு நோன்பு போயிற்று."

மன்னிச்சுக்கொள் என்ற சொல் கேதீஸ்வரிக்கு வாய்வரை வந்து, அது மூன்று வருடத்துக்குப் போதாது என்று தோன்றி நின்றது. அவள் கையை நீட்டி றபீக்காவின் முழங்காலில் வைத்தாள். றபீக்கா அதைத் தட்டிவிடவில்லை. கொஞ்சநேரம் கழித்து, பணிஸின் மற்றப் பாதியை அந்தக் கைக்குள் வைத்தாள்.

"தின். காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல நீ. எனக்குச் சொன்னது சரி. ஆனா அந்தப் படத்தில இருந்தது என்ட முடி இல்ல."

"நிஸ்றாட்ட வரவா?"

"வரத்தான் வேணும்."

பின்னேரம் ஐந்து நாற்பதுக்கு நீலக்கோடு நின்றது. பெட்டி மறுபடி கத்தத் தொடங்கியது, இந்தமுறை நீளமாக. நாலாவது விளக்கும் சிவந்துவிட்டது. றிப்ஷான் குனிந்து எதையெதையோ செய்து பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"முடிஞ்சுதுக்கா."

என்ன வந்தது, என்ன போனது என்று பார்க்கக் கேதீஸ்வரிக்குப் பயமாக இருந்தது. றபீக்காதான் பட்டியலை வாசித்தாள். கூட்டம் முழுதும். வெள்ளம் முழுதும். கோணாமலை, சீதேவிப்பிள்ளை, இறால். வானமும் படகும்கூட வந்துவிட்டன. சும்மாவில் மட்டும் முதல் கொஞ்சம் வந்திருந்தது, மிச்சம் ஒரு டெராவுக்கு மேல் போயிற்று.

"அப்ப படம் கிடக்கு?" என்றாள் கேதீஸ்வரி, நம்பாமல்.

"முழுப்படமும் கிடக்கு. கொக்குத்தான் போயிற்று," என்றான் றிப்ஷான். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். கேதீஸ்வரிக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்து மூக்கும் ஒழுகியது. யூபிஎஸ்ஸை அங்கேயே விட்டுவிட்டு, நாளைக்கு எடுக்கிறேன் என்று றிப்ஷான் புறப்பட்டான்.

ஆறு மணி தாண்டிச் சதீசன் வந்தான். முழங்கால் வரை மணல், உடம்பெல்லாம் உப்பு. கமராப் பை மட்டும் நனையாமல் சட்டைக்குள் இருந்தது. வாசலில் றபீக்காவின் செருப்பைப் பார்த்துத் திகைத்து நின்றவன், உள்ளே அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"வாங்க வாங்க! எத்தின காலம்! கேதி, தண்ணி இறங்கிட்டுது. நாலு அடி அகலம் வெட்டினது, ஒரு மணித்தியாலத்தில தானா நாப்பது அடிக்குப் பிடுங்கிற்றுப் போகுது..."

பெட்டியைக் கண்டான். இரண்டு சிவப்பு விளக்கு.

கேதீஸ்வரி எழும்பி நின்று சொன்னாள். காலையில் நடந்ததிலிருந்து அல்ல. இரண்டு மாதத்துக்கு முன்னிருந்து சொன்னாள். அழித்தது, பிறகு செய்யலாம் என்று விட்டது, சாப்பாட்டில் வைத்து ஓம் என்றது. எதையும் குறைக்கவில்லை. இடையில் றபீக்கா எழும்பிப் போகப் பார்த்தாள், "இரு," என்று அவளையும் மறித்துவிட்டுச் சொன்னாள்.

"நான் கேட்டன்," என்றான் சதீசன்.

"கேட்டீங்க."

"ஓம் எண்டாய்."

"ஓம்."

அவன் கமராப் பையை மேசையில் வைத்துவிட்டு, துவாயை எடுத்துக்கொண்டு பின்பக்க விறாந்தைக்குப் போனான். அங்கே நின்று மழையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் ஒரே காதைத் துடைத்தான். கேதீஸ்வரி போகவில்லை. அவன் கோபம் எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதை இடையில் மறிக்கக்கூடாது என்பதும் தெரியும். திரும்பி வந்தபோது அவன் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"அந்தக் கலியாணத்த ஒத்துக்கொண்டு வந்தது நான்தான். அதப் போட இடம் எங்க எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்ல," என்றான். "பொய் சொல்லாத கேதி. இடமில்ல எண்டா இடமில்ல எண்டு ஏசு. நீ ஏசினா எனக்குப் பழகிட்டுது."

"சரி."

"எல்லாம் வந்திட்டா?"

"சும்மாதான் போயிற்று. கொக்கு."

அவன் முகம் மாறியது. கதிரையை இழுத்து இருந்தான்.

"முழுக்கவுமா?"

"கொஞ்சம் கிடக்கு. ஏன்? கொக்குத்தானே?"

"கொக்கு முன்னுக்கு மட்டும்தான்." அவன் றபீக்காவைப் பார்த்தான், பிறகு வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான். "நீ திறந்தாலும் ரெண்டு கொக்கப் பார்த்துட்டு மூடிருவாய் எண்டுதான் அத முன்னுக்குப் போட்டன். மிச்சம் நீதான்."

"நானா?"

"கமராவக் கண்டா நீ முகத்தத் திருப்புவாய். எங்கட கலியாணத்துக்கும் படம் எடுக்க ஆளில்ல. அதான் இந்த வருசம் போற இடமெல்லாம், உனக்குத் தெரியாம... உன்ட அம்பதாவது பிறந்தநாளுக்குக் காட்டலாமெண்டு."

திரும்ப எடுக்க முடியாதது எது என்று காலையில் அவ்வளவு யோசித்து, இதைக் கடைசியில் போட்டவள் கேதீஸ்வரிதான். அவள் முகத்தைப் பார்த்து அவனே பதறிவிட்டான்.

"விடு, விடு. ஆள் இஞ்சதானே நிக்கிறாய்."

றபீக்கா சத்தமில்லாமல் தன் டிஸ்க்கில் வந்து சேர்ந்த கோப்புகளைக் கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கு, கொக்கு, கொக்கு, ஆட்காட்டிக் குருவி ஒன்று. அதற்குப் பிறகு ஏழு கோப்புகள். ஒன்றை அமர்த்தினாள்.

மண்டூர் வட்டையின் ஓரம். தூறல். கேதீஸ்வரி ஒரு உரமூட்டையின் மேல் இருக்கிறாள், காதில் ஹெட்ஃபோன், மடியில் ஒலிப்பதிவுக் கருவி. கண்ணை மூடியிருக்கிறாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. வயலில் மழை விழுகிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு நிமிடம் கமரா அசையவில்லை. கடைசியில் அவள் கண்ணைத் திறந்து யாரிடமோ என்றில்லாமல் தலையாட்டுகிறாள், சரி, கிடைத்துவிட்டது என்பதுபோல.

தான் வேலை செய்யும்போது இப்படி இருப்பாள் என்பது கேதீஸ்வரிக்குத் தெரியாது. ஆயிரம் மணப்பெண்களின் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தவள், இந்த முகத்தில் எதை வெட்டலாம் என்று பழக்கத்தில் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. மேசைக்குக் கீழே சதீசனின் மணல் ஒட்டிய காலை அவளுடைய கால் தேடிப்பிடித்தது.

"இந்த டிஸ்க் ரெண்டும் இப்ப இஞ்சயே கிடக்கட்டும்," என்றாள் றபீக்கா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "இண்டைக்கு எடுத்ததையும் இதுலயே போடுங்க. என்ட கலியாணத்த மட்டும் ஆரும் திறக்கப்படாது."

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து புது டிஸ்க்குகள் வந்தன. றிப்ஷான் பெட்டியைத் திரும்ப எழுப்பிக்கொடுத்தான். இப்போது படத்தின் இரண்டாவது கொப்பி ஏறாவூரில் றபீக்காவின் வீட்டில் இருக்கிறது. றபீக்காவின் கலியாணங்களின் இரண்டாவது கொப்பி செங்கலடியில் கேதீஸ்வரியின் அலுமாரிக்குள், ஒரு பூட்டிய பையில், திறப்பு றபீக்காவிடம். படம் பங்குனியில் முடிந்தது. மண்டூரில் ஒரு நெல் களஞ்சியத்தின் வெள்ளைச் சுவரில் முதலில் போட்டுக் காட்டினார்கள். சீதேவிப்பிள்ளைக்குப் படம் நீளமாகப் பட்டது. கோணாமலைக்குத் தான் வருகிற இடம் போதவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், முகத்துவாரம் வெட்டி ஒன்பதாம் நாள், கேதீஸ்வரி றபீக்காவோடு நிஸ்றாவின் வீட்டுக்குப் போனாள். நிஸ்றா மடியில் ஒரு பெண்குழந்தையை வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேதீஸ்வரி கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, காட்டைப் பார்க்காமல் விட்டது தான்தான், பழியை றபீக்காவின் தலையில் போட்டதும் தான்தான் என்று சொல்லி முடித்தாள். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரு மாசம் அவர் என்னோட கதைக்கல்ல," என்றாள் நிஸ்றா. "நான் தெரிஞ்சு செய்த எண்டு மாமிட ஆக்கள் கதைச்சாங்க. அது லேசில்ல."

"தெரியும். என்னால அதத் திருப்பித் தர ஏலாது."

"அவர் வந்து ரெண்டு வருசம். அவருக்கு இப்ப ஞாபகமும் இல்ல." நிஸ்றா குழந்தையைத் தோளுக்கு மாற்றி முதுகைத் தட்டினாள். தட்டிக்கொண்டே, குரலைத் தணித்துக் கேட்டாள். "அந்தத் துண்டு கிடக்கா? எல்லாரும் பார்த்துட்டாங்க. நான் மட்டும் பார்க்கல்ல. நான் பார்க்க முதல் நீங்க எடுத்துட்டிங்க."

கேதீஸ்வரி றபீக்காவைப் பார்த்தாள். றபீக்கா எழும்பிக் கதவைச் சாத்தினாள். தோல்பைக்குள்ளிருந்து தன் மடிக்கணினியை எடுத்தாள்.

நிஸ்றா குழந்தையோடு நகர்ந்து இருவருக்கும் நடுவில் வந்து இருந்தாள். அறை நிறையப் பெண்கள், மருதோன்றிக் கைகள், யாரோ சொன்ன பகிடி. அவிழ்ந்த முடியைப் பின்னால் தள்ளிவிட்டு நிஸ்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அல்லாவே," என்றாள் நிஸ்றா, "என்ட பல்லெல்லாம் தெரியுது." சொல்லிவிட்டு, திரையில் போலவே சிரித்தாள். "திரும்பப் போடுங்க தாத்தா, இன்னொருக்கா."